மொந்தேனின் சப்பாத்து

பாரிசின் ஐந்தாம் வட்டாரத்தில் ஒரு தெருவுக்குப் பெயரே 'பள்ளிகளின் தெரு'. அங்கே சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, கால்மேல் கால் போட்டபடி அமர்ந்திருக்கிறார் மிஷேல் தெ மொந்தேன். கோப்பை கழுவி ஊறிய கைகளோடு கடைசி மெட்ரோவுக்கு ஓடும் நாம் அவரைக் கடந்துதான் போவோம்.

போல் லாண்டோவ்ஸ்கி என்ற சிற்பி 1934இல் அவரைக் கல்லில் செய்தார். 1931இல் ரியோ மலையுச்சியில் திறக்கப்பட்ட கிறிஸ்து சிலையும் இவருடையதே. கிறிஸ்துவை அண்ணாந்து பார்க்கவேண்டும். மொந்தேனோ கைக்கெட்டும் உயரத்தில். அதுவே வினையாயிற்று. மாணவர்களின் குறும்புகளால் கல் பழுதுபட, 1989இல் வெண்கலத்தில் வார்த்து வைத்தார்கள். வலது சப்பாத்தைத் தடவினால் பரீட்சை சித்திக்குமாம். உடம்பு கறுத்திருக்கச் சப்பாத்து மட்டும் பொன்னாய் மினுங்குகிறது.

இதைப் பார்த்துச் சிரிக்க எமக்கு உரிமையில்லை. பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர்கள் நாம். அறிஞரின் சிலைக்கு மாலை போட்டால் அவரை வாசித்ததாகிவிடும் என்று இருந்தவர்களும் நாமே.

எமது விமர்சனம் இதுதான்: சப்பாத்தைத் தொடுகிறவர்களில் எத்தனைபேர் அவரது பக்கங்களைத் தொட்டிருக்கிறார்கள்? 1580இல் வெளிவந்த அவரது நூலின் பெயருக்கு 'முயற்சிகள்' என்று பொருள். கட்டுரை என்ற வடிவமே அங்கிருந்துதான் பெயர் பெற்றது. அதில் 'நரமாமிசம் உண்போர்' பற்றி ஒரு கட்டுரை உண்டு. பிரேசிலில் இருந்து வந்த மூவரிடம், றுவான் நகரில் வைத்து, இங்கே கண்டவற்றில் எது வியப்பு என்று கேட்கிறார்கள். ஒரு பாதியினர் வயிறு புடைத்திருக்க மறு பாதியினர் அவர்களது வாசலில் பசியோடு நிற்பதும், நிற்பவர்கள் இதைப் பொறுத்திருப்பதும்தான் வியப்பு என்கிறார்கள் அவர்கள். அவர்கள் சொன்ன மூன்றில் ஒன்றை மறந்துவிட்டதாக மொந்தேன் ஒப்புக்கொள்கிறார். தனக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளன் சரியில்லை என்றும் குறைபடுகிறார்.

அகதி விசாரணையில் இன்னொருவர் வாயை நம்பி உட்கார்ந்திருந்த நாம் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தோம். எம்முடைய எந்தப் பதில் அப்படித் தொலைந்ததோ!

பழுதான கல்லுக்குப் பதிலாக நகரம் வெண்கலம் வைத்துவிட்டது. அந்த மூவரின் கேள்விக்கு இன்னும் பதில் வைக்கவில்லை. உணவகங்களின் பின்கதவால் போய்வரும் எமக்கு அது தெரியும்.

ஊரில் பாதியில் விட்ட படிப்பை நினைத்து நாமும் ஒருநாள் அந்தச் சப்பாத்தைத் தொட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் குளிர்ந்தது, அவ்வளவுதான். நூலகத்துக்குப் போனது அதன் பிறகு.