பிரித்துக் கட்டிய கார்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் தயாரான கார். அந்தக் காலத்தில் இந்தியாவில் புதிதாக வாங்கக் கிடைத்தவை கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஹெரால்ட் ஆகியவைதான். அவற்றில் அழகானது ஹெரால்ட். இன்று ஓடாமல் நிற்கும் ஒரு ஹெரால்டை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர், விலை பேசுவதற்கு முன்னால் அது எப்படிக் கட்டப்பட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதன் அழகும் அதற்கு வரும் நோயும் அந்தக் கட்டுமானத்திலிருந்தே பிறக்கின்றன.

மூலவடிவம் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்ட். மற்ற கம்பெனிகள் பாடியும் சேசிஸும் ஒன்றேயான மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ப்புக்கு பாடி செய்து தந்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்கும் வழி அடைபட்டதால், ஹாரி வெப்ஸ்டர் தலைமையிலான பொறியாளர்கள் தனிச் சேசிஸுக்கே திரும்பினார்கள். வெவ்வேறு இடங்களில் செய்த பாகங்களை அதன்மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். பாகங்களுக்கு உருவம் தந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. நெருக்கடியில் எடுத்த முடிவு என்பதன் தடயம் அவர் வரைந்த கோடுகளில் எங்குமே தென்படாது. மெல்லிய தூண்கள், அவற்றுக்கிடையே அகன்ற கண்ணாடிகள், விளக்குகளின் மேல் லேசாக இறங்கும் விளிம்பு என்று ஒவ்வொன்றும் அளவறிந்து நிற்கிறது. மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்த முகப்பு முழுவதும் ஒரே பானட்டாக முன்புறம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால், குறுகிய தெருவில் இதை ஓட்டுவது இன்றைக்கும் தனி இன்பம்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சேசிஸ். நடுவில் நெருக்கமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களும், அவற்றிலிருந்து இருபக்கமும் நீளும் அவுட்ரிக்கர் எனப்படும் கைகளுமாக அது அமைந்திருக்கிறது. பாடியின் எடை அந்தக் கைகளின் நுனிகளில் இறங்குகிறது. சேறும் மழைநீரும் தேங்குவதும் அங்கேதான். உள்ளிருந்து தொடங்கும் துரு வெளியே தெரியும்போது தகடு தாளாகியிருக்கும். காரை உயர்த்தி, அடியில் படுத்து, ஒவ்வொரு கையையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு சொத்தென்று அடங்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பலகைகளைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஹெரால்டில் அவை வெறும் போல்ட்டில் நிற்பவை, பாரம் தாங்குவதில்லை. பளபளக்கும் புதுச் சில் இருப்பதால் சேசிஸ் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பயிற்சியுள்ள கண் சேசிஸின் நிலையை வெளியே நின்றபடியே ஓரளவு படித்துவிடும். கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால் சேசிஸ் நடுவில் தொய்ந்திருக்கலாம். பானட்டின் இடைவெளியைக் கீல்களைத் தளர்த்திச் சரிக்கட்டிவிட முடியும். கதவின் இடைவெளி அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. அடுத்தது, பள்ளங்களை நிரப்பப் பூசும் பட்டி. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவுகளிலும் கதவின் அடிப்பகுதியிலும் நகர்த்தினால், அது ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் கனத்த பட்டி இருக்கிறது. நல்ல டிங்கர் சுத்தியலும், தகட்டின் பின்னால் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையும் கொண்டு தகட்டையே அதன் பழைய வளைவுக்குக் கொண்டுவருவார். பட்டி அவருக்கு ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே. அப்படிப்பட்ட கைவேலைக்காரர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதும் வாங்கும் முடிவின் ஒரு பகுதி. மிக்கெலோட்டியின் கோடுகளை மீட்பது அவர் கைதான்.

பின்சக்கரங்கள் குறுக்கே போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் தனித்தனியே ஊசலாடுபவை. ஆளில்லாத காரைப் பின்னாலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நம் மெக்கானிக்குகள் பலர் இந்த அமைப்பை விரும்பவில்லை. 1970களில் வந்த கெஸல் மாடலில் கம்பெனியே சாதாரண அச்சுக்கு மாறியது. முன்பக்கம் அதைவிடக் கவனம் கேட்கும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் டிரனியன் என்ற மரைக்கட்டு உண்டு. அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். பலர் கிரீஸ் அடித்து விட்டுவிடுவதால் மரை வறண்டு தேய்ந்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எனவே வாங்கும் காரில் அது எப்படித் தெரிந்தாலும், புதிது போடும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 948 சிசி கொள்ளளவுள்ள எளிய நான்கு சிலிண்டர் எஞ்சின் அது. போரிங், ஸ்லீவ், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் தேர்ந்த லேத் பட்டறைகளில் ஆகும். ஒரே ஒரு சோதனையை மட்டும் விடக் கூடாது. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் எஞ்சினின் முன்புறப் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்கின் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அவை கழன்று விழுந்த பிறகும் ஓட்டப்பட்டிருந்தால் கிராங்கோடு பிளாக்கும் பாழாகியிருக்கும். கார் ஓடும்போது முதல் கியர் கரகரப்பது குறையல்ல, பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் அந்தக் கியருக்குக் கிடையாது.

ஓடும் எஞ்சினைக் காட்டி விலை கூட்டுவது வழக்கம். ஆனால் மதிப்பு மற்ற இடங்களில் இருக்கிறது. சேசிஸ், சஸ்பென்ஷன் சாமான்கள் பல டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், விடெஸ் கார்களுக்கும் பொது என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இந்தியாவுக்கென்றே வந்த நான்கு கதவு மார்க் III-இன் பின்கதவும் அதன் கண்ணாடியும் அங்கே கிடைக்காது, ஏனெனில் டிரையம்ப் நான்கு கதவு ஹெரால்டைச் செய்ததே இல்லை. கம்பேனியன் என்ற ஐந்து கதவு வண்டிக்கும் இதே நிலை. பேட்ஜ், பீடிங், விளக்கு வளையம், கைப்பிடி ஆகியவை முழுமையாக இருக்கும் ஓடாத கார், அவை தொலைந்து போய் ஓடும் காரைவிடச் சிறந்தது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் தேடினால் எஞ்சின் சாமான் அகப்படலாம்; சரியான கிரில் அகப்படுவது அதிர்ஷ்டம்.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரிலுள்ளவையோடு பொருந்த வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாறிய பிறகே பணம் கைமாறுவது நல்லது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு மத்திய அரசு 2021-இல் விண்டேஜ் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். அப்படிப் பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்படாமல் மூலவடிவில் இருக்க வேண்டும் என்பதும் விதி. டீசல் எஞ்சின் ஏற்றிய ஹெரால்ட் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்தப் பதிவுக்குத் தகுதி பெறாது.

சேசிஸ் அரித்து, காகிதமும் இல்லாத ஹெரால்டை உதிரி பாகத்துக்கு மட்டுமே வாங்கலாம், அதற்கேற்ற விலையில். சேசிஸ் திடமாக இருந்து, அலங்காரச் சாமான்களும் எண்களும் சரியாக இருந்தால், எஞ்சின் இறுகிப் போயிருந்தாலும் வாங்கலாம். அப்போதும் வாங்கும் விலையைவிட டிங்கரிங்கும் பெயிண்டும் அதிகம் கேட்கும் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகை கையில் இருக்கும்போதே பாடியைக் கழற்ற வேண்டும். போல்ட்களை அவிழ்த்தால் ஹெரால்டின் பாடி பகுதி பகுதியாகச் சேசிஸைவிட்டு எழுந்துவிடும். ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து, போல்ட்களையும் இடையிலிருக்கும் பேக்கிங் தகடுகளையும் எழுதி ஒட்டிய தனித்தனிப் பைகளில் வைத்தால்தான் திரும்பச் சேர்க்கும்போது கதவின் இடைவெளி சரியாக வரும்.