யாருக்காக, யாரோடு: பிறருக்கான கிறித்தவ மன்றாட்டின் சொல்லும் நோக்கும்

திறவுச்சொற்கள்: மன்றாட்டு, வேண்டுதல், பரிந்துரை, விவிலியத் தமிழ், வேதநாயகம் பிள்ளை, கோரிமேடு.

புதுச்சேரியின் வடமேற்கு எல்லையிலுள்ள கோரிமேடு இன்று ஜிப்மர் மருத்துவமனையால் அறியப்படுகிறது. 1823இல் பிரெஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிறுவனம் 1964இல் இப்பெயர் பெற்றது. புதுவையிலிருந்து மட்டுமன்றி விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளிலிருந்தும் நோயாளர் இங்கு வருகின்றனர். பெயரும் கருதத்தக்கது. ‘கோரி’ என்பது மதுரைக் கோரிப்பாளையத்தில் உள்ளதுபோல் பாரசீகவழி வந்த பெயர்ச்சொல்லாயின் கல்லறை. ‘கோரு’ என்பதன் வினையெச்சமாயின் ‘வேண்டி’ எனப் பொருள்படும். ஊர்ப்பெயரின் பிறப்பை முடிவுசெய்வது இக்கட்டுரையின் வேலையன்று. எனினும், நோயுற்றோருக்காகவும் இறந்தோருக்காகவும் வேண்டும் கிறித்தவ மரபைத் தமிழில் ஆராய்வார்க்கு இவ்விரு பொருளும் ஒரே ஒலியில் நிற்பது நல்ல தொடக்கம்.

பிறருக்கான வேண்டலைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவம் கையாளும் சொற்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. ‘மன்றாட்டு’ மன்றத்தில் வழக்காடியவனின் சொல். ‘விண்ணப்பம்’ அரசனிடமும் இன்று அலுவலகத்திலும் நீட்டப்படுவது. ‘பரிந்து பேசுதல்’ பரிவு என்னும் அன்பில் வேர்கொண்டது. ஆயின் அதன் கிளையான ‘பரிந்துரை’ வழக்கில் சிபாரிசு என்பதன் தூய தமிழாகவே நிற்கிறது. உரோமையர் 8:34இல் கிறித்து நமக்காகச் செய்வதை ஹென்றி பவர் தலைமையில் அமைந்த 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘வேண்டுதல்’ என்ற சொல்லால் உணர்த்துகிறது. 1995இன் திருவிவிலியம் ‘பரிந்து பேசுதல்’ என்கிறது. கிரேக்க மூலச்சொல் ஒருவரைச் சென்றடைந்து முறையிடுதலைக் குறிப்பது. பவரின் சொல்லில் முறையீடு உண்டு, உறவு வெளிப்படவில்லை. திருவிவிலியத்தின் சொல்லில் உறவு உண்டு. ஆனால் அது ‘பரிந்துரை’ எனப் பெயராகச் சுருங்கும்போது செல்வாக்கு உடையவர் செல்வாக்கு அற்றவருக்குச் செய்யும் உதவியாகிவிடும். இந்த வழுக்கலைத் தமிழ் இறையியலார் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை.

அரசவை உருவகம் பழையது. 1726இல் வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணி, முடிசூட்டுப் படலத்தில் வளனை விண்ணகத்தில் முடிபுனைந்து நிறுத்தியே முடிகிறது. அந்நூல் 1851 முதல் 1853 வரை புதுவையில் அச்சேறியது. முடிசூடியவரை அணுகி அவர்வழி அரசனிடம் கேட்பது அக்காப்பிய உலகில் இயல்பு. புனிதரின் பரிந்துரை அக்காலக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையே பெரும் பூசலாக இருந்தது. பூசலில் ஈடுபட்டோர் ‘யார் வழியாக’ என்பதையே வினவினர்; ‘யாருக்காக’ என்பது கேள்வியாக எழவில்லை.

அக்கேள்வியை மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடம் காணலாம். நீதிமன்றத்தில் முன்சீப்பாக அமர்ந்து நாள்தோறும் பிறர் முறையீடுகளைக் கேட்ட கத்தோலிக்கர் அவர். 1876-78 பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்ததோடு, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் பஞ்சத்தை முன்னிட்டும் பாடினார். மன்றாட்டைக் கேட்கும் இருக்கையிலிருந்தவர் மன்றாடும் இடத்துக்கு இறங்கி நிற்பது இங்கு நிகழ்கிறது. நூற்பெயரே கூறுவதுபோல், வேண்டப்படுவோரின் சமயம் அங்கே தடையாகவில்லை. இதைச் சமரச நோக்கின் வெளிப்பாடு என்று மட்டும் வாசிப்பது குறை வாசிப்பு. வழக்கின் வெளியே நின்று தீர்ப்புச் சொல்பவர் வழக்காளியாக மாறியதே அப்பாடல்களின் உயிர்.

மன்றச் சொல்லைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டியதில்லை. தொடக்கநூலின் 18ஆம் அதிகாரத்தில் சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்துவரை இறங்கி இறங்கிப் பேரம் பேசுகிறார். கெஞ்சலாகத் தொடங்குவது நீதிபதியை நீதிக்கே அழைக்கும் வழக்காகிறது. ‘மன்றாட்டு’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மீட்டெடுத்த ‘விசுவாசிகள் மன்றாட்டு’ இன்று ஞாயிறுதோறும் பொதுநிலையினர் எழுதி வாசிக்கும் உரைநடை வடிவம். தமிழில் இத்தனை பேர் எழுதும் வடிவங்கள் மிகச் சிலவே; இலக்கிய ஆய்வு இதைத் தொடவில்லை என்பது வியப்பு. திருச்சபை, நாட்டுத் தலைவர்கள், துன்புறுவோர், உள்ளூர்ச் சமூகம் என்னும் வரிசை விதிக்கப்பட்டது, அதில் பிழையில்லை. பிழை இலக்கணத்தில் இருக்கிறது. நோயாளர், ஏழையர், கைவிடப்பட்டோர் என்னும் பொதுப்பன்மைகள் பெரும்பாலும் நான்காம் வேற்றுமை ஏற்றுப் பெறுநராகவே நிற்கின்றன. எழுவாயாக வருவது அரிது. அவர்கள் பெறுவார்கள், பேசமாட்டார்கள்.

சொல் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்குப் பெரிய வெள்ளி மன்றாட்டே சான்று. யூதருக்காக வேண்டிய அம்மன்றாட்டு நூற்றாண்டுகளாக அவர்களை இழித்துரைக்கும் அடைமொழியோடு வழங்கியது. 23ஆம் யோவான் திருத்தந்தை 1959இல் அதை நீக்கினார். 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் மன்றாட்டே மாற்றி எழுதப்பட்டது. பிறருக்காக வேண்டுதல், கேட்டுக்கொண்டிருப்போரிடம் பிறரைப் பற்றிப் பேசுதலும் ஆகும்.

இவ்விடத்தில் தமிழுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. முன்னிலையாரை உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு இலத்தீனில் இல்லை. இறைவனை நோக்கி ‘எங்கள்’ என்கையில் இறைவன் வெளியே நிற்கிறார். நோயாளர் உள்ளே இருக்கிறாரா என்பதை எழுதுபவரே முடிவுசெய்கிறார். தானியேல் 9ஆம் அதிகாரத்தில் மக்களுக்காக வேண்டும் இறைவாக்கினர் ‘அவர்கள்’ என்று தொடங்காமல் தன்மைப் பன்மையில் நின்றே பாவத்தை ஒப்புக்கொள்கிறார். ‘வேண்டிக்கொள்’ என்பதிலுள்ள ‘கொள்’ என்னும் துணைவினையையும் இந்நோக்கில் வாசிக்கலாம். ‘கேட்டுக்கொள்’ என்பதுபோல் அது பணிவைக் காட்டும் என்பர். செயலின் பயன் செய்வோனையும் தொடும் என்னும் நிழலும் அதில் உண்டு.

கோரிமேட்டு மருத்துவமனை வாயிலில் காத்திருப்பவர் ‘நோயாளருக்காக’ என்று வேண்டுவதில்லை. அம்மாவுக்காக, அண்ணனுக்காக, மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் மகளுக்காக என்பார்.