மதுரை மணி ஐயரின் கச்சேரி நாடாக்கள்

மதுரை மணி ஐயரின் (1912–1968) பாட்டு இன்று கிடைப்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளாகத்தான். ரசிகர்கள் ஸ்பூல் நாடாவில் பிடித்து வைத்தவை, கசெட்டுக்கும் பிறகு கைத்தொலைபேசிக்கும் மாறின. முதலில் காதில் விழுவது நாடாவின் இரைச்சல். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்ட லயத்துத் தகரக் கூரை மேல் தூறல் விழும் மாலையில், எது மழை, எது நாடா என்று பிரிப்பது கடினம். பிறகு தம்புரா, யாரோ ஒருவரின் இருமல். சுவரம் தொடங்கியதும் இவையெல்லாம் ஒதுங்கிவிடுகின்றன. கணக்கு காட்டி மிரட்டாமல் தாளத்தோடு இயல்பாக ஓடும் சர்வலகு அது. கொழுந்து கிள்ளும் விரல்களைப் போல, வேகம் உண்டு, பதற்றம் இல்லை. எடுப்பான அந்தக் குரல் சுருதியை விட்டு இம்மியும் நகராது. கைதட்டல் எழும் இடத்தில் மட்டும் பழைய நாடா தாங்காமல் கரகரக்கிறது.