பொக்கோனோ களம்: வார நாளில் முடிவான ஆட்டம்

ஒரே வட்டாரத்தில் இரண்டு நீர்ப்பூங்காத் திட்டங்கள் ஒன்றாக வந்தால், ஒன்று மூழ்கிவிடும் என்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பொக்கோனோ மலைப்பகுதியில் அந்தக் கணிப்பு பலிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பலசாலி ஆடிக்கொண்டிருந்த களத்தில் 2015இல் இரண்டு புதியவர்கள் இறங்கினார்கள். மூவரும் இன்றும் நிற்கிறார்கள்.

முதலில் களத்தின் தன்மை. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களிலிருந்து காரில் ஏறத்தாழ 2 மணி நேரம். ஒரு காலத்தில் தேனிலவுத் தம்பதிகளுக்குப் பேர்போன ஊர். அந்த மோகம் தணிந்ததும், புகழ்பெற்ற மவுண்ட் ஏரி லாட்ஜ் விடுதியே 2001இல் மூடப்பட்டது. கோடை குறுகியது, குளிர்காலத்தில் பனி கொட்டும். திறந்தவெளிக் குளங்களை நம்பி ஆண்டு முழுக்கப் பிழைக்க முடியாது. அதனால் இங்கே ஆட்டம் கூரைக்கு அடியில்தான்.

அந்தக் கூரையை முதலில் போட்டது கிரேட் வுல்ஃப் லாட்ஜ் என்ற நீர்ப்பூங்கா விடுதி. 2005இல் ஸ்காட்ரனில் சுமார் 400 அறைகளோடு திறந்தது. வெளியே பனி பெய்தாலும் உள்ளே சுமார் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம். மந்திரக்கோலோடு விடுதி முழுக்கத் தேடி அலையும் விளையாட்டு சிறுவர்களைக் கட்டிப்போட்டது. குழந்தைகள் உள்ள குடும்பங்களே அதன் பலம்.

2015இல் கேமல்பேக் பனிச்சறுக்கு மையம் தன் விடுதியோடு அக்வாடோப்பியா என்ற உள்ளரங்க நீர்ப்பூங்காவைத் திறந்தது. பரப்பு சுமார் 1,25,000 சதுர அடி, வெயிலை உள்ளே விடும் ஒளிபுகும் கூரை. அதே ஆண்டு ஜூலையில், விஸ்கான்சினில் பேர் வாங்கிய கலஹாரி விடுதி நிறுவனம், பொக்கோனோ மேனரில் 457 அறைகளோடும் சுமார் 1,00,000 சதுர அடி நீர்ப்பூங்காவோடும் வந்தது.

யாருடைய நீர்ச்சறுக்கு உயரம், யாருடைய பரப்பு பெரிது என்பதில்தான் விளம்பரப் போட்டி. ஆனால் வெற்றியைத் தீர்மானித்தது அதுவல்ல. இந்தத் தொழிலின் வருமானம் அறை வாடகையில் இருக்கிறது. நீர்ப்பூங்கா அந்த அறையை நிரப்பும் கருவி. சனி, ஞாயிறு எல்லோருக்கும் நிரம்பும். பள்ளி நடக்கும் செவ்வாய்க்கிழமை யார் அறையை நிரப்புகிறார்கள்? அங்கேதான் உண்மையான சோதனை.

கலஹாரி இதற்குப் பெரிய மாநாட்டு மையத்தை வைத்திருந்தது. வார நாளில் கூட்டத்துக்கு வருபவர் குடும்பத்தையும் அழைத்து வருவார். கேமல்பேக் வேறு வழியில் ஆடியது: பகலில் பனிச்சறுக்கு, மாலையில் நீச்சல், கோடையில் கேமல்பீச் திறந்தவெளிப் பூங்கா. நான்கு பருவமும் கையில். கிரேட் வுல்ஃப் சிறுவர்களை விட்டுக்கொடுக்கவில்லை. மூவரும் ஒரே வாடிக்கையாளருக்கு அடித்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு நிலையில் நின்று ஆடினார்கள். இரண்டு பெருநகரங்களின் மக்கள்தொகை அதற்கு இடம் கொடுத்தது.

2017இல் கலஹாரி விரிவாக்கத்தை முடித்தது: 977 அறைகள், 2,20,000 சதுர அடி நீர்ப்பூங்கா. கிடைக்கும் கூட்டத்தைப் பங்கு போடும் சந்தையாக இருந்திருந்தால் இரண்டே ஆண்டில் யாரும் இப்படி இரட்டிப்பாக்கியிருக்க மாட்டார்கள்.

என் மதிப்பீட்டில் அளவிலும் வார நாள் திட்டத்திலும் கலஹாரிக்கு முதலிடம். பருவங்களைச் சமாளிக்கும் திறனில் கேமல்பேக். சிறுவர்களை ஈர்ப்பதில் கிரேட் வுல்ஃப்.

எந்த ஊரிலும் போட்டி நீர்ப்பூங்காத் திட்டங்கள் வரும்போது நீர்ச்சறுக்கின் உயரத்தைக் கேட்டு வியந்து நிற்க வேண்டாம். மழைநாளில் என்ன செய்வீர்கள், வார நாளில் யார் வருவார்கள், பக்கத்துப் பூங்காவில் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவரே ஆட்டத்தில் நிலைப்பார்.