தொடும் கையும் தாங்கும் கையும்

பழைய தென்னார்க்காட்டுப் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். பார்வையாளரைப் பங்காளியாக்கும் நிகழ்த்துகலை பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தக் களத்தைக் கடந்துவிட்டுப் பேச முடியாது.

அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறிப் பாடுவார். அவர் எறியும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குவார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையைப் பீமன் வேடக்காரர் பிளக்கும்போது ஊரே சுற்றி நிற்கும். துகிலுரிதல் இரவில்தான் சோதனை அதிகம். சேலையில் கை வைக்குமுன் துச்சாதனன் வேடமிட்டவர் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்குவதுண்டு. யாருக்காவது அருள் வந்தால், அவர் நடிகரானாலும் பார்க்க வந்தவரானாலும், தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். வரம்பு மீறும் காட்சி இது; ஆனால் மீறலுக்கு முன்னும் பின்னும் முறை உண்டு.

மேலை நிகழ்த்துகலை அந்த முறையை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தது. 1964இல் கியோட்டோவில் யோகோ ஓனோ மேடையில் அமர்ந்திருக்க, பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையைக் கத்தரித்தார்கள். 1974இல் நேப்பிள்ஸில் மரீனா அப்ரமோவிச் 72 பொருள்களை மேசையில் பரப்பி, தன்மீது எதையும் பயன்படுத்தலாம் என்று ஆறு மணிநேரம் நின்றார். ரோஜாவும் இருந்தது, துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன. உடை கிழிந்தது, உடலில் கீறல் விழுந்தது. துப்பாக்கி அவரை நோக்கித் திரும்பியபோது தடுத்தவர்களும் பார்வையாளர்களே. கூட்டம் கொடுமை செய்யும் என்பது மட்டுமல்ல, காக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படாதபோது அது தற்செயலாகிவிடும் என்பதும் அங்கே வெளிப்பட்டது.

பிரேசிலின் அகஸ்டோ போவால் இதற்கு வேறு வழி கண்டார். அவருடைய விவாத அரங்கில் பார்வையாளர் எழுந்து வந்து நாடகத்தின் போக்கையே மாற்றலாம். ஆனால் நடிகருக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று ஆட்டத்தை நடத்தவும் நிறுத்தவும் ஒருவர் உண்டு. 1985இல் வங்காளத்தில் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி நாடகக்குழு இம்முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை மேடையேற்றிய க. சிதம்பரநாதன், பின்னாளில் போரில் நொந்தவர்கள் தம் கதையைத் தாமே சொல்லி ஆற்றிக்கொள்ளும் அரங்கை நோக்கி நகர்ந்தார். அங்கே நடிப்பின் நேர்த்தியைவிடச் சொல்பவரின் மனநிலையே முதன்மை.

இதனால் கூத்துக்களம் குறையற்றது என்று ஆகிவிடாது. விழுப்புரம் அருகே மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வருவதை எதிர்த்து எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அருள் வந்தவரைத் தாங்குகிற ஊர், தன்னில் ஒரு பகுதியை வாசலிலேயே நிறுத்திவைக்கவும் செய்யும். ‘ஊரே பங்கேற்கிறது’ என்று நாம் எழுதும்போது அந்த ஊரில் எந்தெந்தத் தெரு அடக்கம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

ஆகவே பங்கேற்புக் கலையை மதிப்பிட, எத்தனை பேர் எழுந்து வந்தார்கள் என்ற கணக்கு போதாது. நிறுத்தச் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, விழுந்தவரைப் பிடிக்க யார் நின்றார்கள், உள்ளே விடப்படாதவர்கள் யார்? இம்மூன்றையும் கேட்காத விமர்சனம் களத்தைப் பாதிதான் பார்க்கிறது.