மங்கலாய் விழுந்த எழுத்து

குறுவட்டில் தரவைப் பதியும் லேசரே அதன் மேல்முகப்பையும் வரைந்துவிடும் என்ற யோசனை எனக்கு இன்றும் வியப்புதான். ஹெச்பி உருவாக்கிய லைட்ஸ்கிரைப் டிரைவில் பாட்டையோ படத்தையோ பதித்து முடித்ததும் வட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவோம். மேற்பூச்சில் இருக்கும் சாயம் லேசர் சூட்டில் கறுக்கும். மையும் இல்லை, ஒட்டுத்தாளும் இல்லை. முழுப் படம் என்றால் இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகும், பொறுமை வேண்டும்.

வெளியே வந்த வட்டில் பெயர் வெளிறித் தெரிந்தால் மனம் சோரும். முதலில் பூச்சுப் பக்கத்தைப் பாருங்கள். விரல் ரேகை, தூசு இருந்தால் மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு முகப்பைப் பதிக்கும் மென்பொருளில் தரம் 'டிராஃப்ட்' என்று இருந்தால் 'பெஸ்ட்' என்று மாற்றுங்கள். அடர்த்தியைக் கூட்டவே தனி மென்பொருளும் இருந்தது. மெல்லிய கோட்டுப் படத்தைவிடத் தடித்த எழுத்து நன்றாகக் கறுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு: அதே வட்டில் அதே படத்தை மறுபடி பதிப்பது. நடுத்துளையைச் சுற்றியுள்ள குறியீட்டு வளையத்தைப் படித்து, வட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவ் கண்டுகொள்ளும். அதனால் இரண்டாம் கோடு முதல் கோட்டின் மேலேயே விழும், கோலத்தில் இழைமேல் இழை போட்டதுபோல. அந்த வளையம் அருமையான வேலைப்பாடு!

பதித்த வட்டுகள் வைத்திருப்போர் அவற்றை வெயிலில் விடாதீர்கள். அந்தச் சாயம் ஒளியில் வெளுக்கும்.