இடாப்பு எவர் கையில்?

சட்டமொன்றை இலக்கியப் பனுவல் போல வாசிப்பது எம்மவர் வழக்கமன்று. ஆயினும், 2022 மார்ச் 19 ஆம் நாள் சபாநாயகர் சான்றுபடுத்திய, அவ்வாண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாம் அவ்வாறே வாசிக்க விழைகின்றோம்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். ஆங்கில மூலத்தில் தரவுக்குரிய மனிதன் 'சப்ஜெக்ட்'. அதனைத் திரட்டி ஆள்பவன் 'கொன்ட்ரோலர்'. முடியரசின் குடிகளையும் ஆங்கிலேயன் 'சப்ஜெக்ட்' என்றே அழைத்தான். இவை ஐரோப்பியச் சட்டத்தினின்று பெறப்பட்ட சொற்கள் என்பதை அறிவோம். எனினும் எமது நாட்டு நிலைமைக்கு அவை சற்று அதிகமாகவே பொருந்திவிடுகின்றன.

முற்போக்காளர் மனத்தை முதலிற் கவரக்கூடியது 26 ஆம் பிரிவு. அரச நிறுவனங்கள் மக்களின் தரவுகளை இலங்கைக்குள்ளேயே கையாளவேண்டும் என்பது, 2022 இல் நிறைவேறிய வடிவில், அப்பிரிவு வகுத்த பொதுவிதி. வெளிநாட்டிற் கையாளுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இதன் நியாயம் வெளிப்படையானது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலத்தில் அதற்கு விலையும் உண்டு, தீர்வையும் உண்டு. இன்று திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்குபவரின் கைத்தொலைபேசி விட்டுச் செல்லும் சுவடு விலையின்றிக் கடல் கடக்கிறது. மென்பொருளாகவும் விளம்பரமாகவும் அது திரும்பி வரும்போதோ நாம் விலை கொடுக்கின்றோம். மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்கத் தீர்வை விதிப்பதில்லை என 1998 இல் உலக வர்த்தக நிறுவனத்தில் செய்யப்பட்ட தற்காலிக ஏற்பாடு, 2024 அபுதாபி மாநாடு வரை மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. தரவின் பாய்ச்சலைத் தடுக்கலாகாதென்று அந்நிறுவனப் பேச்சுகளில் வற்புறுத்திவந்த அமெரிக்காவே 2023 ஒக்டோபரில் அக்கோரிக்கையைக் கைவிட்டது. தன் நாட்டுப் பெருங் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் உரிமையைத் தானே இழந்துவிடக் கூடாதல்லவா!

ஆனால், எல்லைக்குள் வைத்தாற் போதும் என்ற முடிவை வடக்கிலிருந்து வாசிக்கும் நாம் ஏற்க இயலுமா? 1983 யூலை 23 இரவு இதே திருநெல்வேலியில் படையினர் 13 பேர் கொல்லப்பட்டனர். அடுத்து வந்த நாட்களில் கொழும்பு வீதிகளில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. அவ்விடாப்பு எந்தக் கடலையும் கடந்ததன்று. வாக்குரிமையின் பொருட்டுத் திரட்டிய பெயரும் முகவரியும் கொலைகாரனுக்கு வழிகாட்டின. பின்னர் 2011 இலும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்பங்களைப் பதியத் தொடங்கினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று.

ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை அதற்கு ஒவ்வாத வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. மிகச் சிறந்த கொள்கை. ஆனால் தேசிய பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு என்பவற்றின் பேரால் அதற்கு விதிவிலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. விதிவிலக்கு அவசியமானதாகவும் அளவுக்குட்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவ்வளவைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரசபையின் பணிப்பாளர்களை நியமிப்பவர் யார்? மூலச் சட்டத்தின்படி சனாதிபதி. அரசின் கையைப் பிடிக்க வேண்டியவரை அரசின் தலைவரே தெரிவு செய்கிறார்.

இந்திய நன்கொடையுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை அமைப்பதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் ஒப்பமிடப்பட்டது. கைரேகை, கண், முகம் யாவும் இதில் அடங்கும். தரவு இந்தியாவுக்குப் போய்விடும் என்பதே தென்னிலங்கையில் இதற்கெதிராக உரத்துக் கேட்ட குரல். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் அது கொழும்பிலேயே இருந்தால் எந்தத் திணைக்களம் பார்க்கும், எந்த முகாம் பார்க்கும், பார்த்த செய்தி உரியவருக்கு அறிவிக்கப்படுமா என்ற கேள்விகளை அக்குரல் எழுப்புவதேயில்லை. எமது ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் எழுப்ப வேண்டியவை இவையே. பதிவு தொடங்கிய பின்னரன்றி, இப்போதே எழுப்ப வேண்டும். சட்டத்தின் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்நாள் வருமுன்னரே அவை பிற்போடப்பட்டன.